பூட்டிக் கிடந்த அடுப்படி: சிந்துவெளி மக்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்கிறோம்?

ஒரு வீட்டில் ஆள் இல்லை. எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று சொல்ல அக்கம்பக்கத்திலும் யாரும் இல்லை. கடிதம், டைரி, ரேஷன் கார்டு எதுவும் கிடையாது. அடுப்படி மட்டும் விட்டது விட்டபடி கிடக்கிறது. அடுப்பில் சாம்பல், மூலையில் சட்டி, பரணில் நாலு சாமான், கொல்லையில் குப்பைக்குழி. சில டப்பாக்களின் மேல் ஏதோ எழுதியிருக்கிறது, ஆனால் அந்த எழுத்து உங்களுக்குத் தெரியாது. இந்த வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த ஊர்க்காரர்கள், வசதி எப்படி என்று உங்களால் சொல்ல முடியுமா?

பெருமளவுக்கு முடியும். பெண் பார்க்கப் போகிற அத்தைமார்கள் பேச்சோடு பேச்சாக அடுப்படியை எட்டிப் பார்ப்பதே அதற்காகத்தான்.

சிந்துவெளி நாகரிகம் இப்படிப்பட்ட ஒரு வீடு. கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஹரப்பா, மொகஞ்சதாரோ, தோலாவீரா, ராகிகடி போன்ற நகரங்களில் செழித்த மக்கள் அவர்கள். அவர்களுடைய எகிப்திய, மெசபடோமியச் சமகாலத்தவர்கள் அரசர் பட்டியல், கடன் பத்திரம், கடவுள் துதி என்று எழுதிக் குவித்தார்கள். இவர்கள் விட்டுச் சென்றதோ சிறு சிறு முத்திரைகளில் சில குறிகள். அதையும் எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி இன்றுவரை யாரும் படிக்கவில்லை. அப்படியிருந்தும் பாடநூல்களில் அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறதே, அதெல்லாம் எங்கிருந்து வந்தது? அடுப்படிக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போவதற்கு முன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். நாம் போகும் முன்பே யாரோ இந்த வீட்டின் மேடையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1850களில் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்ட ஒப்பந்தக்காரர்கள் ஹரப்பாவின் செங்கற்களை அள்ளி ஜல்லியாகப் போட்டார்கள். பிறகுதான், 1921இல் தயாராம் சஹானி ஹரப்பாவிலும், அடுத்த ஆண்டு ராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் தோண்டினார்கள். 1924 செப்டம்பரில் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்த நாகரிகத்தை உலகத்துக்கு அறிவித்தார்.

சரி, முதலில் கொல்லைக்குப் போவோம். குப்பைக்குழிதான் முதல் சாட்சி.

உங்கள் வீட்டுக் குப்பைக்குழியை ஒரு வருடம் அள்ளாமல் விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பொங்கலுக்குக் கடித்த கரும்புச் சக்கை இருக்கும். அதற்கு மேல் மாங்கொட்டை. அதற்கும் மேல் தீபாவளி வெடிக் காகிதம். காலண்டரே இல்லாவிட்டாலும் எது முன், எது பின் என்று குழி சொல்லிவிடும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தொல்லியலின் முதல் விதி இவ்வளவுதான். பழைய நகரங்களில் வீடு இடிந்தால் இடிபாட்டைச் சமன் செய்து அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். அதனால் நகரமே அடுக்கடுக்காக உயர்ந்து மேடானது. அகழ்பவர் மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக உரித்துக்கொண்டு இறங்குகிறார், அதாவது காலத்தில் பின்னோக்கி நடக்கிறார்.

ஆனால் குழியில் ஒரு பெருச்சாளி புகுந்துவிட்டால்? மாங்கொட்டை கீழே போகும், கரும்புச் சக்கை மேலே வரும். மண்மேடுகளிலும் எலி வளை உண்டு, பிற்காலத்தார் தோண்டிய குழியும் கிணறும் உண்டு. எனவே மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, எங்கே குழியின் விளிம்பு தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் உரிக்க வேண்டும். மார்ஷல் காலத்தில் இதில் ஒரு கோளாறு நடந்தது. அவருடைய குழுவினர் மண் அடுக்கைப் பின்தொடராமல், ஒரு பொதுமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று மட்டும் அளந்து குறித்தார்கள். சரிவான குப்பைக்குழியில் 3 அடி ஆழத்தில் ஒரு பக்கம் மாங்கொட்டை இருக்கும், மறுபக்கம் கரும்புச் சக்கை இருக்கும் அல்லவா? இரண்டையும் ஒரே நாளில் தின்றதாக எழுதினால் எப்படி இருக்கும்! மொகஞ்சதாரோவில் அன்று எடுத்த பல பொருள்களின் வரிசையை இன்றும் சரிசெய்ய முடியாமல் திண்டாடுவதற்கு இதுவே காரணம். போதாக்குறைக்கு அங்கே நிலத்தடி நீர் உயர்ந்து கிடக்கிறது. அடி அடுக்குகள் தண்ணீருக்குள் இருக்கின்றன. அந்த நகரத்தின் தொடக்கம் இன்னும் தோண்டப்படவில்லை.

முன், பின் தெரிந்துவிட்டது. அடுத்து, எத்தனை ஆண்டுக்கு முன்? அதற்கு அடுப்புக் கரி வேண்டும்.

ஒரு மண் குடத்தின் அடியில் பொடி ஓட்டை. குழாய் திறந்திருக்கும்வரை உள்ளே வருவதும் வெளியே ஒழுகுவதும் சமமாக இருந்து குடம் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாயை மூடியதும் மட்டம் இறங்கத் தொடங்கும். தண்ணீர் குறையக் குறைய ஒழுகும் வேகமும் குறையும். இப்போது குடத்தில் எவ்வளவு மீதி என்று பார்த்தால், குழாயை எப்போது மூடினார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். செடி, மாடு, மனிதர் என உயிருள்ள எல்லாமே இந்தக் குடம்தான். உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 என்னும் கதிரியக்க கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரத்து நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். 4,500 ஆண்டுக்கு முன் அறுத்த ஒரு வாற்கோதுமை மணியில் இன்று நூற்றுக்கு ஏறத்தாழ 58 பங்கு மிச்சமிருக்கும். வில்லார்ட் லிபி 1940களின் இறுதியில் இந்த வழியைக் கண்டுபிடித்து, 1960இல் நோபல் பரிசும் பெற்றார். குழாயில் தண்ணீர் எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதனால் மர வளையங்களை எண்ணிக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

எந்தக் கரியைக் கொடுப்பது என்பதிலும் விவரம் இருக்கிறது. அடுப்பில் எரிந்தது நூறு வயது மரத்தின் உள்வைரமாக இருந்தால், சமைத்த காலத்துக்கு நூறு ஆண்டு முன்பே அதன் குழாய் மூடியிருக்கும். பழைய வீட்டு உத்தரத்தைப் பிளந்து எரித்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே தானியம்தான் நம்பகமான சாட்சி. அது ஒரு போகம்தான் வாழும், அந்த ஆண்டே அடுப்படிக்கு வந்துவிடும்.

அந்தத் தானியத்தை எப்படிப் பொறுக்குவது? மண்ணோடு மண்ணாகக் கருகிக் கிடக்கும் எள்ளைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. இதற்கு நம் வீட்டு வழியேதான்: அரிசி களைவது. தண்ணீர் ஊற்றிக் கிளறினால் கல் அடியில் தங்கும், உமியும் வண்டு அரித்த அரிசியும் மேலே மிதக்கும். அகழ்ந்த மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்கள். கருகிய விதை லேசானது, மிதக்கிறது. மேலோடு சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். சிந்துவெளி மக்கள் கோதுமை, வாற்கோதுமை, எள், பயறு வகைகள், சிறுதானியங்கள் என்று எதையெல்லாம் விளைவித்தார்கள் என்பது இப்படிக் களைந்தெடுத்த கதைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒழுங்காகச் சமைத்த சோறு எதையும் விட்டுவைக்காது. வறுக்கும்போது அடுப்பில் சிந்தித் தீய்ந்த தானியம்தான் 4,000 ஆண்டு தாங்கும்.

தானியம் இருந்தால் வயல் இருக்க வேண்டுமே? ராஜஸ்தானில் காலிபங்கனில் அதுவும் கிடைத்தது. 1960களில் பி.பி. லாலும் பி.கே. தாப்பரும் தோண்டியபோது, நகரங்கள் எழும்புவதற்கு முந்திய அடுக்கில், கி.மு. 2800 வாக்கில் உழுத நிலம் ஒன்று வெளிப்பட்டது. சால்கள் அப்படியே பதிந்திருந்தன. கிழக்கு மேற்காக 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமான சால், அதற்குக் குறுக்கே வடக்கு தெற்காக 1.9 மீட்டர் இடைவெளியில் அகலமான சால். ஒரே வயலில் ஏன் இரண்டு விதம்? அகழ்ந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கவில்லை, சுற்றியிருந்த வயல்களைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து விவசாயிகள் நெருக்கமான சாலில் கொள்ளும், அகலமான சாலில் கடுகும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். உயர்ந்து வளரும் கடுகின் நிழல் கொள்ளின் மேல் விழாதபடி அந்த அமைப்பு. அன்றைக்கும் இதே இரண்டு பயிர்தான் என்று சால் சொல்லாது. ஊடுபயிர் செய்யத் தெரிந்தவர்கள் என்பதைச் சொல்லும்.

இனி சட்டிக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மண்சட்டியில் மீன்குழம்பு வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தச் சட்டியில் பிறகு பால் காய்ச்ச முடியாது. எத்தனை தேய்த்தாலும் வாடை போகாது. மண்சட்டியின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள், கொதிக்கும்போது கொழுப்பு அதற்குள் ஊறிவிடும். வாடை நாளடைவில் போகலாம். கொழுப்பின் மிச்சம் 4,000 ஆண்டு ஆனாலும் முழுதாகப் போவதில்லை. ஆகவே பழைய சட்டியின் ஓட்டில் ஒரு துண்டைப் பொடி செய்து, கரைப்பானில் ஊறவைத்து, கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் கார்பன் அணுக்களை எடை போட்டால் பாலின் கொழுப்பா, ஆடு மாட்டின் இறைச்சிக் கொழுப்பா, பன்றியுடையதா என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

அக்ஷ்யேதா சூர்யநாராயணும் அவருடைய குழுவினரும் ஹரியானா, உத்தரப் பிரதேசப் பகுதியின் சிந்துவெளி ஊர்களிலிருந்து எடுத்த ஓடுகளை இப்படி ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பன்றி, மாடு, எருமை, ஆடு இவற்றின் கொழுப்பு தாராளமாக இருந்தது. அதே ஆண்டு கல்யாண் சேகர் சக்ரவர்த்தியின் குழு குஜராத்தின் கோட்டடா பட்லியில் கிடைத்த ஓடுகளில் பால் பொருள்களின் மிச்சத்தைக் கண்டது. சிந்துவெளிக்காரர்கள் சுத்த சைவம் என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. சட்டி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கேயும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு சட்டியில் ஐம்பது தடவை சமைத்திருப்பார்கள். இன்று கறி, நாளை கீரை, அடுத்த நாள் பருப்பு. எல்லாம் கலந்துதான் சுவரில் ஊறியிருக்கும். கொழுப்பில்லாத கீரை அதிகத் தடயம் வைக்காது, கறி வைக்கும். ஆகவே இறைச்சி உண்டு என்று சட்டி உறுதியாகச் சொல்லும். தினமும் இறைச்சியா, திருநாளுக்கு மட்டுமா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

மசாலாவுக்கு வேறு வழி. அரிசி மாவும் மஞ்சள்பொடியும் விரலுக்கு ஒன்றுபோல் நைசாக இருந்தாலும், நுண்ணோக்கியில் அவற்றின் மாவுச்சத்து மணிகள் வேறு வேறு வடிவம். ஹரியானாவின் பர்மானாவில் கிடைத்த சமையல் பானைகளிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, அருணிமா காஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும் பார்த்தார்கள். மஞ்சளும் இஞ்சியும் தெரிந்தன. பல்லிடுக்கில் படிந்து கெட்டிப்பட்ட காரை உள்ளே சிக்கியதைப் பூட்டி வைத்துவிடுகிறது. சரியாகப் பல் துலக்காத அந்த ஆளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பல் இன்னொன்றும் சொல்லும். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக உப்புப் படியுமே, அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி படிவதில்லை. ஆற்றுத் தண்ணீர் ஊரில் ஒரு விதம், போர்த் தண்ணீர் ஊரில் ஒரு விதம். பல்லின் எனாமலும் அதைப் போலக் குடித்த தண்ணீரின் கதையை வைத்திருக்கும். குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போது, அந்த ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள ஸ்ட்ரான்ஷியம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அது மாறாது. எனவே ஒருவரின் பல்லில் உள்ள கணக்கும் அவரைப் புதைத்த ஊரின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், அவர் வேற்றூரில் வளர்ந்தவர். ஹரப்பா, பர்மானா இடுகாடுகளின் பற்களை ஆராய்ந்து 2015இல் வந்த முடிவு சுவாரசியமானது: ஹரப்பாவின் அந்த இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களில் பலர் வெளியூரிலிருந்து சிறு வயதில் வந்தவர்கள். நகரம் அன்றும் வந்தேறிகளால் ஆனது.

மரபணுவை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். பார்த்தார்கள். ஆனால் வெயில் காலத்தில் மாவு எப்படிச் சீக்கிரம் கெடுகிறதோ, அப்படி நம் நாட்டு வெப்பத்தில் மரபணு சிதைந்துவிடுகிறது. ராகிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்று, ஒரே ஒரு பெண்ணின் காதோர எலும்பிலிருந்துதான் படிக்கும்படியாகக் கிடைத்தது. 2019இல் வெளியான அந்த முடிவில், ஈரானியத் தொடர்புள்ள பழைய வம்சாவளியும் தெற்காசிய வேட்டைச் சமூகங்களின் வம்சாவளியும் கலந்திருந்தன, மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. முக்கியமான சான்றுதான். ஒரு பருக்கையைக் கொண்டு எவ்வளவு பெரிய பானைக்குப் பதம் சொல்லலாம் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, அடுப்படியில் இருக்கக் கூடாத சாமான் எது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானல் வீட்டில் கருவாடு இருந்தால் அதைக் கடற்கரையிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். ஹரப்பாவிலிருந்து கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே சங்கு வளையல்கள் கிடைக்கின்றன. கடல் கெளுத்தியின் எலும்பும் கிடைத்திருக்கிறது! மீன் எலும்புகளை ஆராய்ந்த வில்லியம் பெல்ச்சர், அது உலர்த்திக் கொண்டுவந்த மீனாக இருக்க வேண்டும் என்றார். ஆக, உவமைக்குச் சொன்ன கருவாடு உண்மையாகவே அங்கே இருந்திருக்கிறது.

வாங்கவும் விற்கவும் செய்தால் அளவை வேண்டும். நம் பாட்டி வீட்டில் படி, உழக்கு, ஆழாக்கு என்று வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், பெயர் தெரியாதவருக்கும் எது எதில் பாதி என்று விளங்கிவிடும். சிந்துவெளி ஊர்களில் வழவழப்பான சிறு கல் கனசதுரங்கள் நிறையக் கிடைத்தன. எழுத்து எதுவும் இல்லை. தராசில் வைத்துப் பார்த்தார்கள். 0.86 கிராம், அதன் இரு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு, பதினாறு. பதினாறு மடங்கான சுமார் 13.7 கிராம் கல்தான் அதிகம் புழங்கியது. குஜராத்திலும் பஞ்சாபிலும் ஒரே கணக்கு. செங்கல்லும் அப்படியே: உயரம் 1 என்றால் அகலம் 2, நீளம் 4. ஹரப்பாவில் நகர வாசலை ஒட்டி எடைக்கற்கள் அதிகம் கிடைத்ததால், அங்கே வரி வசூலித்திருக்கலாம் என்று தொல்லியலாளர் மார்க் கெனோயர் கருதுகிறார். இத்தனை பெரிய பரப்பில் ஒரே எடைக்கல்லை யார் கட்டிக்காத்தார்கள்? அரசனா, வணிகர் சங்கமா? பெரிய அரண்மனையோ ஆடம்பரமான அரச சமாதியோ எங்கும் அகப்படவில்லை.

பரணில் ஒரு வினோதமான கருவி கிடைக்கிறது, எதற்கென்று புரியவில்லை. என்ன செய்வீர்கள்? அதே மாதிரி ஒன்றை இன்றும் வைத்திருக்கும் வயதானவரைத் தேடிப் போய்க் கேட்பீர்கள். சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளின் விஷயத்தில் கெனோயரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் செய்தார்கள். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் கல்மணி செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களோடு உட்கார்ந்து கல்லைச் சுடுவது, செதுக்குவது, துளையிடுவது என ஒவ்வொரு படியையும் பார்த்தார்கள். எந்தப் படியில் என்ன மாதிரிச் சில்லு விழுகிறது என்பதைக் கவனித்து, ஹரப்பாவின் பட்டறைக் குப்பையோடு ஒப்பிட்டார்கள். சிந்துவெளித் துளைகருவியின் கல்லைக் கொண்டு துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு 2.5 மி.மீ. தான் இறங்கியது. விரல் நீள மணிக்குத் துளையிட மட்டும் நாள்கணக்கில் ஆகும். ஒட்டியாணம் போல அந்த மணிகளைக் கோத்து இடுப்பில் கட்டியவர் சாதாரண ஆள் இல்லை என்று இப்போது சொல்லலாம்.

அந்த மணிகளில் சில மெசபடோமியாவின் ‘ஊர்’ என்னும் நகரத்து அரச சமாதிகளில் கிடைத்தன. இங்கேதான் பக்கத்து வீட்டுக் கணக்கு நோட்டு உதவிக்கு வருகிறது. நம் வீட்டுக்காரர் எதையும் எழுதாவிட்டாலும், எதிர்வீட்டுக்காரர் “இன்னாரிடம் இரண்டு படி கடன்” என்று குறித்திருப்பார் அல்லவா? அக்காடிய மன்னன் சார்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறைக்கு வந்து நிற்கின்றன என்று பெருமையடித்துக் கல்வெட்டு வைத்தான். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு உருளை முத்திரை இருக்கிறது. அதன் சொந்தக்காரன் பெயர் ஷு-இலிஷு, தொழில் மெலுஹா மொழிபெயர்ப்பாளன். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் பெருமூச்சுதான் வரும். அந்த மொழியைப் பேசத் தெரிந்த ஒருவன் பெயர், வேலை எல்லாம் கிடைத்துவிட்டது. அவன் மொழிபெயர்த்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஊர், கிஷ் போன்ற இடங்களில் சிந்துவெளி முத்திரைகளும் கிடைத்தன. 1924இல் மார்ஷல் கட்டுரை வெளியான அடுத்த வாரமே ஏ.எச். சாய்ஸ் என்ற அறிஞர், இவை மேற்காசியப் பொருள்களை ஒத்திருப்பதைச் சுட்டிக் கடிதம் எழுதினார். கார்பன் கணக்கெல்லாம் பிறக்கும் முன்பே இந்த நாகரிகத்தின் வயதை ஏறக்குறையச் சொல்ல முடிந்தது எதிர்வீட்டு நோட்டினால்தான்.

இப்போது டப்பா மேல் எழுதியிருப்பதைப் பார்ப்போம். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் ஏறத்தாழ 2,900 பொறிப்புகளையும் 417 குறியீடுகளையும் வரிசைப்படுத்தினார். சராசரியாக ஒரு பொறிப்பில் 5 குறிகள்தான். டப்பாவில் ‘து.ப.’ என்று எழுதியிருந்தால் தமிழ் தெரிந்தவருக்குத் துவரம்பருப்பு. தெரியாதவர் அந்த இரண்டு எழுத்தை வைத்து என்ன செய்வார்? ஆனாலும் எண்ணலாம். எந்தக் குறி எப்போதும் கடைசியில் வருகிறது, எது எதன் பக்கத்தில் வருகிறது என்று எண்ணினால் ஒழுங்கு தெரியும். முத்திரை அச்சுகளில் இடது ஓரத்தில் இடம் போதாமல் குறிகள் நெருக்கியடிப்பதைக் கொண்டு, வலமிருந்து இடமாக எழுதினார்கள் என்று கண்டார்கள். மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் அது திராவிட மொழிக் குடும்பமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். ஆனால் இரண்டு மொழியில் எழுதிய ஒரு பொறிப்பு கிடைக்கும்வரை எந்த வாசிப்பையும் சரிபார்க்க வழியில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதைப் படித்துக் காட்டுவோருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தது. பணம் இருக்கிறது, ஆதாரம்தான் வர வேண்டும்.

அவர்கள் ஒட்டிய சீட்டு புரியவில்லை என்பது ஒரு பிரச்சினை. நாம் ஒட்டிய சீட்டு இன்னும் பெரிய பிரச்சினை. நம் அடுப்படியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸா இருக்கிறது? உளுந்து இருக்கும். மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய கட்டடத்துக்குத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் ‘தானியக் களஞ்சியம்’ என்று சீட்டு ஒட்டினார். உள்ளே ஒரு தானிய மணிகூடக் கிடைக்கவில்லை. 17.5 செ.மீ. உயரமுள்ள மாக்கல் சிற்பம் ஒன்றை ‘பூசாரி அரசன்’ என்கிறோம். அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரமில்லை, அரசன் என்பதற்கும் ஆதாரமில்லை. மொகஞ்சதாரோவின் தெருக்களிலும் வீடுகளிலும் கிடைத்த, 40க்கும் குறைவான எலும்புக்கூடுகளைக் கொண்டு ஆரியப் படையெடுப்பில் நடந்த படுகொலை என்று வீலர் 1940களில் எழுதினார். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் அவற்றின் அடுக்குகளைச் சரிபார்த்து, எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்று காட்டினார். எலும்புகளைப் பார்த்த கென்னத் கென்னடியும் வெட்டுப்பட்டுச் செத்த அடையாளம் பெரும்பாலும் இல்லை என்றார். படுகொலைச் சீட்டு கிழிந்தது. ஆனாலும் எத்தனையோ பேர் மனதில் அது இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குப் படுவது இது. கையால் செய்ததைச் சொல்லும்போது தொல்லியலாளரை நம்பலாம். உழுதார்கள், சுட்டார்கள், எடை போட்டார்கள், இஞ்சி தட்டிப் போட்டார்கள். இவற்றுக்குச் சட்டியும் சாலும் சாட்சி. யாரைக் கும்பிட்டார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்று யாராவது அடித்துச் சொன்னால், “எந்தச் சட்டியில் பார்த்தீர்கள்?” என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

வீட்டை விட்டு ஏன் போனார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஹரியானாவின் கோட்லா தாஹர் ஏரிப் படிவில் கிடந்த நத்தை ஓடுகளை யமா தீட்சித்தின் குழு ஆராய்ந்தது. சுமார் 4,100 ஆண்டுக்கு முன் பருவமழை சட்டென்று வலுவிழந்ததை அந்த ஓடுகளின் ஆக்சிஜன் காட்டியது. நகரங்கள் ஒரே நாளில் காலியாகவில்லை. மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கேயும் குஜராத் பக்கமும் சிறு ஊர்களுக்கு நகர்ந்தார்கள். மழை மட்டுமே காரணமா என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது.

இதே முறைகள்தான் நம் ஊர்களிலும் நடக்கின்றன. கீழடியின் கரித்துண்டு கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும், சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல் உமி கி.மு. 1155க்கும் போனது அந்த ஒழுகும் குடக் கணக்கால்தான். ஆகவே உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ வாணம் தோண்டும்போதோ பானை ஓடு, தாழி, கரி என்று எதுவும் தட்டுப்பட்டால், தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில் இருந்தது என்று தெரியும்படி இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். முக்கியமாக, அழுக்காக இருக்கிறதே என்று ஓட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.